ஓர் அடி அபராதம்

“சொன்னது சரி பாப்பா. அது நம்ம வளப்பு. ஆனா பந்த எதுக்குத் தொட்ட? அத மொதல்ல சொல்லு.”

மக்காச்சோளக் கதிரை உரித்துக்கொண்டே அப்பா ஆதிமூலம் கேட்டார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. பதினோரு கோப்பை வாங்கிய கோல்ப் வீராங்கனை தேவிப்ரியா, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு மட்டையைத் துடைத்தாள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நாளிதழ் நிருபர் பகலவன். கள்ளக்குறிச்சிக்கு மந்திரியே வந்தாலும் காலை ஆட்டிக்கொண்டு கேள்வி கேட்கிற ஆள். இன்றைக்கு அந்தக் கால் ஆடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“மேடம், தாய்லாந்துல கடைசிக் குழியில இன்னா நடந்துச்சு? உங்க வாயால கேக்கணும்.”

“மேடம்லாம் வேணாண்ணா. கோல்புல கம்மியா அடிக்கிறவங்கதான் ஜெயிக்கிறது. ஒரு கொரியாப் பொண்ணவிட நான் ஒரு அடி முன்னால இருந்தேன். பந்து புல்லுக்குள்ள கெடந்துச்சு. குழியில நட்ட கொடி எந்தாண்ட இருக்குதுன்னு கொஞ்ச தூரம் போயி பாத்துட்டு வந்தேன். அடிக்கிறதுக்குள்ள மட்டை பட்டு பந்து அசஞ்சிடுச்சு. கையத் தூக்கி நடுவரக் கூப்ட்டுச் சொன்னேன். ஒரு அடி அபராதம். ரெண்டு பேரும் சமமாயிட்டோம். அப்புறம் வெச்ச ஒத்தக் குழி ஆட்டத்துல அந்தக் கொரியாப் பொண்ணு ஜெயிச்சிட்டா.”

“எவ்ளோ அசஞ்சிது?”

“ஒரு நெல்லு அளவு.”

“யாராவது பாத்தாங்களா? கேமரா?”

“யாரும் பாக்கல. கேமரா கொடிகிட்ட இருந்துச்சு.”

“சொல்லாம வுட்டிருந்தா?”

“கோப்பை நம்முது. மூணு வருசத்துக்கு எந்தப் பெரிய போட்டின்னாலும் நேராப் போயி ஆடலாம். இப்ப மறுபடியும் தகுதிச் சுத்துலேர்ந்து வரணும். எனக்கும் முப்பத்தஞ்சு ஆவுது.”

பகலவன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டான். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்கிற ஊரில், அதே தண்ணீரைக் குடித்து இப்படியும் ஒருத்தி வளர்ந்திருக்கிறாளே என்று வியந்துபோனான். அப்பா பெங்களூரு கோல்ப் மைதானத்தில் புல் வெட்டிய காலத்தில், யாரோ தூக்கிப்போட்ட உடைந்த மட்டையோடு ஊர் திரும்பியவள். அறுத்துவிட்ட சோளக்கொல்லையில் நின்று கல்வராயன் மலையைக் குறிபார்த்து அடித்து அடித்தே ஐந்து நாடுகளில் கொடி நாட்டியவள். குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் தலைப்பை எழுதிக்கொண்டான்: ‘பொய் சொல்லத் தெரியாதவள்’.

“மட்டைப் பை தூக்க அப்பாவக் கூட்டினு போனீங்களாமே?”

தேவிப்ரியாவின் முகம் மலர்ந்தது.

“எப்பவும் தூக்குறவருக்குக் காய்ச்சல். ஆட்டத்தப் பாக்க வந்த அப்பா, கடைசி நாள் மட்டும் தூக்கினாரு. ரூல்படி ஆடுறவங்களும் பை தூக்குறவங்களும் ஒரே ஆளுண்ணா, யாரு தப்பு பண்ணாலும் ஒரே கணக்குதான். அன்னிக்கு நானும் அப்பாவும் ஒரே ஆளா நின்னோம்.”

“இன்னா ஒரே ஆளு?” ஆதிமூலம் குறுக்கே புகுந்தார். “நான் வந்தன்னிக்குப் பாத்து தோத்துட்ட. ராசியில்லாதவன் போனான், கோப்பை கைநழுவிடுச்சுன்னு டீக்கடையில பேசிக்கிறானுங்க. அடுத்த மாசம் தகுதிச் சுத்துக்கு நான் வர்ல. பழைய ஆளையே கூட்டினு போ.”

“உன் ராசிக்கு இன்னாப்பா கொறச்சல்? தொட்டது நானு. நீ பக்கத்துல இல்லன்னா இன்னும் ஜாஸ்தி தொடுவேன். வாப்பா.”

அதட்டலாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கெஞ்சியது. அவர் கடைசிக் கதிரையும் உரித்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

“இரு தம்பி, டீ கொண்டாறேன். பன்னெண்டு வருசம் அந்த கிரவுண்டுல புல்லு வெட்டினு இருந்தவன் நானு...”

பேசிக்கொண்டே நடந்தவரின் கால், தரையில் கிடந்த கோல்ப் பந்தில் லேசாகப் பட்டது. புத்தகத்தை மிதித்துவிட்டவர் போல சட்டென்று குனிந்து, பந்தைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை.

“...ஒரு நாளாவது ஒரு பந்து மேல என் வெரலு பட்டிருக்குமா? இவளையே கேளு.”

அவர் உள்ளே போய்விட்டார். பந்து ஒரு நெல்லளவு நகர்ந்திருந்தது.

பகலவனின் பேனா நின்றது. கொடியைப் பார்க்க இவள் முன்னால் போயிருந்தபோது, பந்துக்குப் பக்கத்தில் பையோடு நின்றவர் யார்?

நிமிர்ந்து பார்த்தான். தேவிப்ரியா உதட்டின் மேல் விரலை வைத்திருந்தாள்.

“அன்னிக்கும் இதேதாண்ணா. திரும்பி வர்றப்பப் பாத்தேன். அவருக்கே தெரியாது,” என்றாள் தணிந்த குரலில். “எழுதிடாதீங்க.”

பகலவன் குறிப்பேட்டில் இருந்த தலைப்பை மெல்ல அடித்தான்.

உள்ளேயிருந்து ஆதிமூலத்தின் குரல் வந்தது. “சரி, அடுத்த மாசமும் நானே வரேன். உன்னத் தனியா வுட்டா சரிப்படாது. நீ கொடியப் பாக்கப் போ பாப்பா, பந்த நான் பாத்துக்கிறேன்.”

“சரிப்பா,” என்றாள் தேவிப்ரியா.