புகாரை எழுதிய கை

"சந்தேகமே இல்லடா. இது பூனைக்கண்ணன் வேலைதான்" என்று நண்பர் மூத்த வக்கீலின் காதருகே முணுமுணுத்தார். பூனைக்கண்ணன், வக்கீல் சங்கத் தேர்தலில் அவரிடம் மூன்று முறை தோற்ற ஆள்.

முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்காக நின்ற மூத்த வக்கீல், இன்று குற்றம் சாட்டப்பட்டவராக உட்கார்ந்திருந்தார். நண்பர்தான் அவருக்காக வாதாட வந்திருந்தார்.

ஒழுங்கு விசாரணைக் குழுவின் முன்னால் இருந்தது ஒரே புகார், அவருடைய கட்சிக்காரரான ஒரு தையல்காரம்மா கொடுத்தது. அந்த அம்மாவின் வீட்டு வழக்கில் மேல்முறையீட்டுக் கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் மூத்த வக்கீலுக்கு அந்தக் கேஸ் கட்டு ஞாபகம் வந்தது. வீடு போனது போனதுதான். புகார் நிரூபணமானால் அவர் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள்.

தப்பிக்க ஒரு சந்து இருந்தது. வேண்டாத வக்கீல் யாரோ தூண்டிவிட்டு எழுதிய புகார் என்று காட்டிவிட்டால், குழு அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும்.

குழுத் தலைவர் புகார் மனுவைப் புரட்டினார். "கெடு முடிஞ்ச தேதி எங்க? காணோமே."

"ஏழாவது பத்திங்க, ரெண்டாவது வரி" என்றார் மூத்த வக்கீல், தலை நிமிராமலே.

நண்பர் எழுந்தார். மூத்த வக்கீல் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். "ஒண்ணும் கேக்காத. எனக்கு அலுத்துப்போச்சு. உக்காரு."

கேட்டால்தானே. நண்பர் தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"இதுல பன்னெண்டு பத்தி. ஒவ்வொண்ணுக்கும் சட்டப்பிரிவு போட்டிருக்கு. நீங்களா எழுதினீங்க?"

"இல்லங்க. ஒரு வக்கீல் எழுதிக் குடுத்தாரு."

நண்பருக்குக் கையில் கனி விழுந்த மாதிரி இருந்தது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று ஜூனியர்களைத் தினமும் அதட்டுகிற மனிதர், அன்று அதை மறந்தே போனார்.

"யாரு அந்த வக்கீல்? பயப்படாம சொல்லுங்க."

தையல்காரம்மா சேலை முனையைத் திருகினாள். "எட்டு வக்கீலைப் பாத்தேங்க. கூட இருக்கற வக்கீல் மேல எப்படி எழுதறதுன்னு எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. ஒருத்தர்தான் உக்காரவச்சு, தண்ணி குடுத்து, ஒண்ணு விடாம எழுதினாரு. பாவம், எழுதி முடிக்கறதுக்குள்ள ரொம்ப சோர்ந்துட்டாரு."

"அதான் யாருன்னு கேக்கறேன்."

"நீங்க யாருக்காகப் பேசறீங்களோ, அவருதாங்க."