ரெண்டு தட்டு

அப்பாவோடு மகளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எது கேட்டாலும் உள்ளேயிருந்து தட்டித்தான் பதில்.

"பெரிய முதலீட்டு வங்கிக்காரங்க ஆள் எடுக்க வர்றது வெளியூர் காலேஜுக்குத்தாம்மா. உள்ளூர்ல படிச்சா எவன் சீண்டுவான்? வெளியூர்னா ஒரு தட்டு, உள்ளூர்னா ரெண்டு."

டக், டக்.

"அப்படியே உங்கம்மா பிடிவாதம்! கடைசியாக் கேக்கறேன், எந்தக் காலேஜ்?"

டக், டக்.

அப்போது வாசல் கதவு திறந்தது. மனைவி வந்தாள், பின்னாலேயே, செருப்பைக் கழற்றியபடி மகள்.

"காலையிலேயே அம்மாவோட வெளியே போயிட்டேன்பா. யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்ன வெளியூர் காலேஜுக்கே போறேன்."

வீட்டில் இருப்பதே மூன்று பேர். அப்பா மெல்லத் திரும்பி, சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார்.

அறைக்குள்ளிருந்து, இந்த முறை கதவே அதிர, டக், டக்.