தவசிக்கீரைக் கொழுந்து

காலையில் எழுந்ததும் சிவநேசன் பேசுவது சன்னலோரத் தொட்டியில் வளரும் தவசிக்கீரையிடம்தான். "கண்ணு, நல்லாத் தூங்கினியா?" மனைவி நீட்டும் காபிக்குக் கை மட்டும்தான் திரும்பும். வடிவாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் குளிக்கப் போனதும் செடியின் கொழுந்தை வெடுக்கென்று கிள்ளி, பச்சையாகவே மென்று விழுங்கிவிடுவாள். பட்டுப்போகட்டும் என்றுதான் தினமும் கிள்ளினாள். அதுவோ கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டாய்த் துளிர்த்துப் புதராய் மண்டியது.

அன்று குளித்துவிட்டு வந்தவர் செடியையே பார்த்தபடி பூரித்துப்போனார். "பாத்தியா வடிவு, நான் பேசப் பேச எப்படித் தழைக்குது!"

"எங்கிட்ட பேசியிருந்தா நானுந்தான் தழைச்சிருப்பேன்!" என்று கத்தினாள்.

அவர் திரும்பி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "பல்லுல என்னடி, பச்சையா?"

எத்தனை நாளைக்கப்புறம் பார்க்கிறார். வடிவாம்பாள் வாயை மூடவில்லை.