மீசைக்கு வந்த வேன்

சலூன்காரர் கத்தியை ஒரு இழுப்பு இழுத்ததில், தபால்காரரின் மீசையில் பாதி போயே போய்விட்டது.

"ஐயையோ! கை தவறிடுச்சுண்ணே!"

"விடுப்பா, மீதியையும் எடுத்துடு. காத்தோட்டமா இருக்கும்."

கண் மங்கியதைச் சலூன்காரர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கண்ணாடி வாங்க வசதியும் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் ஒருவரும் குறையவில்லை.

மறுவாரமே தெருமுனையில் இலவசக் கண் பரிசோதனை வேன் வந்து நின்றது. தெருவே வரிசை கட்டியது. தையல்காரர் முதல் எழுத்திலேயே திணறினார். மளிகைக்கடைக்காரர், "எழுத்தா? எங்கே?" என்றார்.

"அடப்பாவமே! நான் எவ்வளவோ தேவலை போலிருக்கே!" என்று தெம்பாகப் போய் உட்கார்ந்தார் சலூன்காரர். ஆனால் டாக்டர் அவருக்கு மட்டும்தான் கண்ணாடி கொடுத்தார்.

மாட்டிக்கொண்டு திரும்பினார். மளிகைக்கடைக்காரரின் கிருதா ஒரு பக்கம் காதுக்கு மேலே, மறுபக்கம் தாடை வரை. தையல்காரரின் பின்னந்தலையில் படிக்கட்டு.

"இதெல்லாம்... என் கைவேலையா?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். தபால்காரர்தான் வாயைத் திறந்தார்.

"ஆமாப்பா. உனக்காகத்தான் வேனைக் கூப்பிட்டோம். கூட்டம் சேர்ந்தாத்தான் வருவோம்னாங்க. உன்னைவிட்டு வேற கடைக்குப் போகவும் மனசு வரலை. அதான், இன்னிக்கு ஒருநாள் தெருவுக்கே பார்வை மங்கிடுச்சு."