கசக்காத மருந்து

"ஒரு நாள் விடாம மருந்து விட்டேன் டாக்டர். சத்தியமா விட்டேன்."

தையல் கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் தாய். அவள் தோளில் இன்னும் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. மகள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குழந்தையின் வலது காதிலிருந்த பஞ்சை எடுத்தார். அது மஞ்சளாக நனைந்திருந்தது. உள்ளே, செவிப்பறையில் அவர் கையாலேயே பொருத்திய சின்னஞ்சிறு குழாயைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. கருவியை வைத்து மெதுவாக உறிஞ்சி எடுத்தார்.

"நடுக்காதுல நீர் தேங்கக் கூடாதுன்னுதான் குழாய் வெச்சோம். தேங்கலை. ஆனா சீழ் மட்டும் திரும்பத் திரும்ப வருது. காதுக்குள்ள தண்ணி போகுதா?"

"குளிப்பாட்டும்போது வாசலின் தடவின பஞ்சு வெச்சு அடைச்சிடறேன். இவ அப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன். அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு, நான் சொன்னா மட்டும் கேக்காது."

டாக்டர் சிரித்தார். "அவர் வரலையா?"

"ராத்திரி வேலை முடிச்ச தூக்கத்தோட வெளியே உட்கார்ந்திருக்கார். இன்னைக்கு ஸ்கூல் லீவு, இவ அக்காவும் கூட வந்துட்டா. உள்ள விட்டா ஒரு சாமானும் அதது இடத்துல இருக்காது. அதான் அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன்."

"மருந்து விடும்போது அடம் பிடிக்கிறாளா?"

"மொத நாள் மட்டும் வீட்டை ரெண்டு பண்ணிட்டா. அப்புறம் பரம சாது. நான் சமையல்கட்டை ஒழிச்சுட்டு வர்றதுக்குள்ள கண்ணை இறுக்க மூடி, காதைக் காட்டிட்டுப் படுத்திருப்பா. பக்கத்துல அக்கா போர்வைக்குள்ள தூங்கிட்டிருப்பா. அவளை எழுப்பக் கூடாதேன்னு பெரிய லைட்டைக்கூடப் போடமாட்டேன்." தாய் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒண்ணுதான் புரியல டாக்டர். ராத்திரி பார்த்தா காது துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. விடிஞ்சா தலையணை நனைஞ்சிருக்கு."

டாக்டருக்கும் அது புரியவில்லை.

"இந்த மருந்துக்கு அடங்காத கிருமி போலிருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. குழாயை எடுத்துட்டு ஊசி போட வேண்டியதுதான்."

"மறுபடியும் மயக்க மருந்தா?" தாயின் கை தானாக மகளின் தலைக்குப் போயிற்று. "போன தடவை இவ கண்ணைத் திறக்கிற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இல்ல. கும்பிடாத சாமி இல்ல டாக்டர்."

ஆஸ்பத்திரியில் இடம் கேட்பதற்காகத் தொலைபேசியைக் கையில் எடுத்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தாமல் நிறுத்தினார். வெளியே கூட்டம் காத்திருந்தது. ஆனாலும் கலங்கி நிற்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்ச நேரம் செலவழித்தால் கடவுள் அதை எங்காவது ஈடு கட்டிவிடுவார் என்று நம்புகிறவர் அவர்.

"சரி, நீங்க எப்படி விடறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க."

தாய் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தாள். உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினாள். மகளைச் சாய்த்துச் சொட்டுகளை விட்டாள். காதின் முன்பக்கத்தை விரலால் இதமாக அழுத்தினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

குழந்தையின் முகம் கோணியது. "கசக்குதும்மா. தொண்டையெல்லாம் கசக்குது." அழுகை உடைந்து வந்தது. "அக்காவைக் கூப்பிடு. அக்காவைக் கூப்பிடும்மா."

"குழாய் வழியா மருந்து தொண்டைக்கு இறங்குது கண்ணு. கசக்கத்தான் செய்யும்," என்றார் டாக்டர்.

தாய் விழித்தாள். "வீட்டுல கசக்குதுன்னு சொல்லவே மாட்டாளே டாக்டர்."

"ஒரு நாள்கூடவா?"

"மொத நாளோட சரி."

டாக்டரின் புருவம் சுருங்கியது. அதற்குள் அழுகைச் சத்தம் கேட்டு, அப்பாவின் பிடியிலிருந்து நழுவிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே ஓடி வந்தாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். அதே முகம், அதே சுருட்டை முடி, அதே விழுந்த முன்பல்; கன்னத்துக் கண்ணீர் மட்டும்தான் வித்தியாசம். தங்கைக்குச் சில நிமிடங்களே மூத்த அந்த அக்கா, யாரும் சொல்லாமலே பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்து, கண்ணை இறுக்க மூடி, வலது காதைக் காட்டினாள்.

"அவளுக்கு வேண்டாம் டாக்டர், எனக்கே விடுங்க. அம்மா தினமும் எனக்குத்தான் விடுவாங்க. எனக்குக் கசக்கவே கசக்காது."