ஹனாடியின் மறதி

"நாலு நம்பர், மேடம். நாலே நாலு. இதையா மறந்தீங்க?"

போன் கடைக்காரன் வாஸிஃப் டேப்லட்டின் கண்ணாடியைத் துணியால் துடைத்தபடி கேட்டான். கேலிதான். ஆனால் ஆள் நல்லவன்.

மருத்துவமனையில் இரவுப் பணி, மைக்ரோபஸ்ஸில் நின்றபடியே அரைத் தூக்கம், வீட்டுக்கு வந்ததும் முலுக்கியாக் கீரை கிளறி இறக்கிய கையோடு மகள் இழுத்த இழுப்புக்கு இந்தக் கடை. மன்சூரா நகரத்தின் அந்தச் சந்துக்கடையில் உட்கார நாற்காலி கிடைத்ததே போதும் என்றிருந்தது ஹனாடிக்கு.

"வார்டுல படுத்திருக்கிற அத்தனை பேரோட மருந்தும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், மாமா. இது மட்டும் இருக்காது" என்றாள் ரிதாஜ். பன்னிரண்டு வயதுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

போன கோடையில் குவைத்திலிருந்து விடுப்பில் வந்த அப்பா ஹம்தி, மகளுக்குக் கொண்டுவந்த டேப்லட் அது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஓடும்படி ஹனாடி பூட்டுப் போட்டாள். நேரம் முடிந்த பிறகும் வேண்டுமென்றால் அந்த நாலு எண்களை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹம்தி தன் போனிலிருந்து சரி என்று அமுக்க வேண்டும்.

ஹம்தி குவைத்துக்குத் திரும்பிய மறுவாரமே எண் மறந்துபோய்விட்டது என்றாள் ஹனாடி.

ரிதாஜ் பிறந்த நாள், கல்யாண நாள், கட்டட எண், மாமியார் ஹஜ்ஜுக்குப் போன வருடம் எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். தப்பாக அடிக்க அடிக்க டேப்லட் கோபித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம்தான். ஒரு மணி நேரம் முடிந்ததும் ரிதாஜ் குவைத்துக்குக் கூப்பிடுவாள். கட்டட வேலையில் நிற்கிறவன் உடனே எடுப்பானா? எடுக்கும்வரை வீடு இரண்டுபடும். எடுத்தால் அவன் பேரம் பேசுவான். கணக்குப் போட்டாயா, பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தாயா, அப்புறம்தான் தருவேன் என்பான். இவள் இங்கிருந்தே மல்லுக்கு நிற்பாள்.

மாமியார் வேறு, மருமகளுக்கு மூளை கழன்றுவிட்டது என்று மாடிப்படியில் நின்று கட்டடம் முழுக்கச் சொல்லியாயிற்று. ஹனாடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சில நாள் அந்தப் பாழாய்ப்போன பொருளை ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று அவளுக்கே வெறுத்துப்போகும்.

போன கோடையில் இந்தச் சத்தம் எதுவும் இல்லை. விடுப்பு முழுக்க ரிதாஜ் அப்பாவிடம் "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள். அதற்கு முன் வெள்ளிக்கிழமைதோறும் குவைத்திலிருந்து அவன் பேசும் போனிலும் அப்படித்தான். நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுக்கறேன். அதோடு சரி.

விமான நிலையத்தில் அவன் கட்டிக்கொள்ளக் குனிந்தபோது அவள் குலுக்குவதற்குக் கையை நீட்டினாள்.

உள்ளே போகும்முன் ஹம்தி மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "அவளுக்கு நான் யாரு, ஹனாடி?"

வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வி ஹனாடியின் கூடவே வந்தது.

"கவலையை விடுங்க" என்றான் வாஸிஃப். "பூட்டையே கழட்டிடறேன். உங்க வீட்டுக்காரர் அங்கேருந்து ஒரு தடவை சரின்னு அமுக்கினாப் போதும். அப்புறம் பொண்ணு யாரையும் கேக்கவே வேண்டாம்."

"இப்பவே கூப்பிடறேன்!" ரிதாஜ் அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஹனாடி எழப் பார்த்தாள். வேண்டாம் என்று தடுக்க ஒரு காரணமும் கைவசம் இல்லை.

வாசலில் பேச்சு தொடங்கியது.

"பாபா, சாப்பிட்டியா? மறுபடியும் டின் மீனா? உனக்கு வெக்கமே இல்லியா?"

பிறகு வரலாற்று டீச்சரைப் பற்றி ஒரு நீளமான புகார், அந்த டீச்சரின் குரலிலேயே. பிறகு பல்லுக்குப் போட்ட கம்பி. அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போ பாபா, புளுகாத!"

வாஸிஃப் இடையில் இரண்டு பேரின் போனுக்குக் கண்ணாடி ஒட்டி அனுப்பினான். ஹனாடிக்காக வரவழைத்த தேநீர் மேசையில் ஆறிப்போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக ரிதாஜ் உள்ளே வந்து போனை அம்மாவின் மடியில் போட்டாள். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"என்னம்மா, அப்பா அமுக்கிட்டாரா?" என்றான் வாஸிஃப்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! கேக்கவே மறந்துட்டேன்."

மறுபடி போனை எடுக்க நீண்ட கையை ஹனாடி பிடித்து நிறுத்தினாள். வாஸிஃபிடமிருந்து டேப்லட்டை வாங்கினாள். யோசிக்காமல், தடுமாறாமல், நாலு எண்களை அடித்தாள்.

அது திறந்துகொண்டது.

வாஸிஃப் அவளைப் பார்த்தான். ரிதாஜ் டேப்லட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவை.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் ஹனாடி. "எனக்குத் தூக்கம் வருது."