ஐந்து மணிவரை மூச்சு

"கையை எடுங்க டாக்டரம்மா!"

கத்திக்கொண்டே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பாய்ந்தார் வட்டச் செயலாளர் பூமிநாதன். கட்டிலில் அவருடைய முப்பது வருடக் கூட்டாளி இருளப்பன். இனிப் பிழைக்கமாட்டார், மூச்சுக்குழாயை எடுத்துவிடலாம் என்று மனைவி செண்பகவல்லி அப்போதுதான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அண்ணி, இன்னும் இருபதே நிமிஷம். எம்.பி. சீட்டுல ஒரே ஓட்டுல பின்னாடி நிக்கறோம். அண்ணன் போயிட்டா அது ரெண்டாயிடும்!"

சட்டம் அப்படி. வாக்குப்பதிவின் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு யார் உயிரோடு இருக்கிறார்களோ, அவர்கள் போட்ட ஓட்டுதான் செல்லும். இறந்த நொடியே எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும். வராந்தாவில் கரைவேட்டிகள் டிவியில் ஓடும் ஓட்டு எண்ணிக்கையை அண்ணாந்து பார்த்தபடி நின்றன.

கணவரின் நெஞ்சு சிரமப்பட்டு ஏறி இறங்கியது. செண்பகவல்லிக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"தம்பி, இவர் ஓட்டு உங்களுக்கு இல்லை. ஏரியை ஃபாக்டரிக்குக் கொடுப்பேன்னு நம்ம வேட்பாளர் சொன்னாரே, அன்னைக்கே மனசு விட்டுப்போச்சு. எதிர்க்கட்சிக்குப் போட்டுட்டாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. இப்பவே அனுப்பி வெச்சாத்தான் உங்க கட்சிக்கு நல்லது."

பூமிநாதன் வராந்தாவை எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார்.

"இருபது நிமிஷம் பொறுங்க அண்ணி," என்றார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் அவங்களுக்குப் போட்டோம்."